லேட்டரைட் என்னும் செம்புரைக்கல்: பெயரும் பொருளும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் மலாக்காவை ஒட்டிய ஜாசின், அலோர் காஜா, தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் இந்தச் சிவப்புக் கல்லை மிதிக்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனாலும் அதன் பெயர், பிறப்பு, பயன் மூன்றிலும் குழப்பம் நிறைய உண்டு. கோயில் கூட்டத்திலும் காப்பிக் கடையிலும் தோட்ட ஆபீசிலும் அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

தோட்டத்துச் சடக்குல கொட்டுற சிவப்புக் கல்லும் மலாக்கா கோட்டைக் கல்லும் ஒன்னுதானா?

ஒரே வகைதான். இரண்டும் லேட்டரைட். சடக்கில், அதாவது சாலையில், கொட்டுவது மண்ணுக்குள் உருண்டை உருண்டையாக, கோலிக்குண்டு முதல் கோழிமுட்டை வரையான அளவில் கிடக்கும் சரளை. கோட்டைக்குப் போனது, அதே பொருள் பாளமாக இறுகிக் கிடக்கும் இடத்தில் வெட்டி எடுத்த கட்டி.

போர்ச்சுகீசியர் 1511-இல் கட்டத் தொடங்கிய ஆ ஃபமோசா கோட்டையில் இன்று மிஞ்சி நிற்பது போர்த்தா டி சந்தியாகோ என்ற வாசல். அதன் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கரும்பழுப்பு நிறம், புழு அரித்ததுபோல் துளைகள், துளைக்குள் மஞ்சள் மண். மேலே குன்றில் நிற்கும் செயின்ட் பால் தேவாலயத்தின் இடிந்த சுவரிலும் அதே கல்தான்.

அப்ப மலாக்கா டவுன்ல இருக்கிற சிவப்புக் கட்டடங்களும் இதுதானே?

நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. டச்சுக்காரர் காலத்துக் கட்டடங்களின் அந்தச் சிவப்பு, பிற்காலத்தில் பூசிய சாயம். முன்பு அவை வெள்ளையாகத்தான் இருந்தன. வயதான லேட்டரைட் சுவர் பளிச்சென்று சிவக்காது. வெயிலும் மழையும் பட்டுப் பட்டுக் கறுத்துவிடும்.

லேட்டரைட்னா என்ன அர்த்தம்? யாரு வச்ச பேரு?

'செங்கல்' என்று அர்த்தம். லத்தீன் மொழியில் 'லாத்தெர்' என்றால் செங்கல். கல், கனிமப் பெயர்களுக்குப் பின்னால் வரும் 'ஐட்' என்ற ஒட்டைச் சேர்த்து லேட்டரைட் ஆக்கினார்கள்.

பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு மைசூர், கனரா, மலபார் பகுதிகளின் வேளாண்மையையும் தொழில்களையும் நேரில் பார்த்து எழுதும்படி ஆங்கிலேயர் அவரை அனுப்பினார்கள். 1800, 1801 ஆண்டுகளில் அவர் சுற்றினார். இன்றைய கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள அங்காடிப்புறத்தில், தரையிலிருந்து இந்தக் கல்லை இரும்புக் கருவியால் வெட்டி எடுத்து, காற்றில் வைத்து, இறுகிய பின் வீடு கட்டுவதைக் கண்டார். ஊர்க்காரர்கள் அதைச் செங்கல் கல் என்ற பொருளில் 'இட்டிகக் கல்லு' என்று சொல்வதையும் குறித்துக்கொண்டார். அவருடைய பயண நூல் 1807-இல் லண்டனில் வெளியானபோது அறிவியலுக்கு ஒரு புதுச் சொல் கிடைத்தது. சொல் லத்தீனில் இருந்தாலும், கருத்தைக் கொடுத்தவர்கள் மலபாரில் கல் வெட்டியவர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அங்காடிப்புறத்தில் இன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் நினைவுக் கல் இருக்கிறது.

அதே 1807-இல்தான் ஆங்கிலேயர் மலாக்கா கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். கல்லுக்குப் பெயர் கிடைத்த ஆண்டும், அந்தக் கல்லால் ஆன பெருங்கோட்டை உடைந்த ஆண்டும் ஒன்று. அந்த வெடிப்பைக் கண்டு எழுதிவைத்தவர் முன்ஷி அப்துல்லா. தமிழ் வழி வந்தவர், மலாக்காவில் பிறந்தவர். யானை அளவும் வீட்டளவும் துண்டுகள் பறந்து கடலில் விழுந்தன என்கிறார்.

லேட்டரல்னா பக்கவாட்டுதானே? பக்கவாட்டுல படியிற கல்லுன்னு என் சார் சொன்னாரே?

ஒலி ஒன்றாக இருப்பதால் வரும் தவறு. லத்தீனில் 'லாத்துஸ்' என்றால் பக்கம், 'லாத்தெர்' என்றால் செங்கல். 'பக்கத்தினுடைய', 'செங்கல்லினுடைய' என்று வேற்றுமை ஏற்றும்போது இரண்டுமே 'லாத்தெரிஸ்' என்று ஆகிவிடும். பக்கவாட்டு என்ற சொல் முதலாவதிலிருந்து வந்தது, நம் கல்லின் பெயர் இரண்டாவதிலிருந்து வந்தது. படிவது பக்கவாட்டிலா என்பதற்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை.

தமிழ்ல இதுக்குப் பேரே கிடையாதா?

உண்டு, அதுவும் நல்ல பெயர். செம்புரைக்கல். புரை என்றால் உள்துளை. புண் புரையோடிவிட்டது என்கிறோமே, அதே புரை. சிவந்த, துளை விழுந்த கல். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் செம்புராங்கல், செம்பூரான் கல் என்று வழங்கும். மலையாளத்தில் வெட்டுகல்லு. இலங்கையில் கபொக்.

ஒவ்வொரு பெயரும் ஒவ்வொன்றைப் பார்த்திருக்கிறது. தமிழ் அதன் உடம்பைப் பார்த்தது, மலையாளம் அதை எடுக்கும் விதத்தைப் பார்த்தது, லத்தீன் அது போய்ச் சேரும் சுவரைப் பார்த்தது. மலாய்க்காரர் 'தானா மேரா' என்பது சிவப்பு மண் எதற்கும் பொது. கிளந்தானில் ஓர் ஊருக்கும் மாவட்டத்துக்கும் அதுவே பெயர்.

ஓட்டை ஓட்டையா இருக்கே, எரிமலைக் கல்லா?

இல்லை. எரிமலைக் கல்லில் துளை விழுவது உருகிய குழம்பிலிருந்து காற்று வெளியேறுவதால். செம்புரைக்கல் நெருப்பைக் கண்டதே கிடையாது. அதை உண்டாக்கியது மழை.

வெப்பமும் மழையும் ஓயாத நாட்டில், அடிப்பாறை எதுவானாலும் மெல்ல மட்கும். மழைநீர் முதலில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியத்தைக் கரைத்துக்கொண்டு போகும். பிறகு சிலிக்காவிலும் பெரும் பங்கு போகும். நீரில் எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். நிலத்தடி நீர் மழைக்காலத்தில் ஏறி வறட்சியில் இறங்கும் மட்டத்தில் இரும்பு கரைவதும் படிவதுமாக மாறி மாறி நடந்து, திட்டுத்திட்டாகத் திரளும். திரண்ட இடம் கல்லாகும். திரளாத இடம் களிமண்ணாகவே இருந்து, வெளியே வந்ததும் மழையில் கழுவிப்போகும். அந்தக் காலி இடம்தான் துளை. ஒரு நல்ல பாளம் உருவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

நிறத்துக்கும் இரும்பே காரணம். ஹெமடைட் என்ற இரும்புக் கனிமம் மிகுந்தால் சிவப்பு, கோதைட் என்ற இரும்புக் கனிமம் மிகுந்தால் மஞ்சள் பழுப்பு.

வெட்டும்போது மெத்துன்னு இருக்கிறது அப்புறம் எப்படி இரும்பு மாதிரி ஆகுது?

இந்தக் கல்லின் முழு மகிமையும் இதில்தான் இருக்கிறது. தரைக்குள் ஈரத்தோடு இருக்கும்போது அதன் இரும்பு, நீரோடு சேர்ந்த நுண்துகளாக இருக்கும். கோடாலி போன்ற கருவியாலேயே வெட்டலாம். வெளியே வந்து நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து வரும்போது, அந்தத் துகள்கள் நீரை இழந்து படிகமாகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அப்படி இறுகினால் மறுபடி ஊறப்போட்டாலும் இளகாது. களிமண் கட்டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்: அதுவும் காய்ந்தால் இறுகும், ஆனால் ஒரு வாளித் தண்ணீரில் கரைந்துவிடும்.

அப்ப சிவப்பா இருக்கிற மண்ணு எல்லாமே லேட்டரைட்தானே?

இல்லை. இரும்பு கொஞ்சம் இருந்தாலே மண் சிவக்கும். மேலே சொன்ன இறுகும் குணம் இருந்தால்தான் லேட்டரைட். சோதிப்பது எளிது. ஒரு கட்டியை இரண்டு வாரம் வெயிலில் வைத்து, பிறகு ஓர் இரவு தண்ணீரில் போடுங்கள். காலையில் குழம்பாகிக் கிடந்தால் சாதாரணச் செம்மண். கை விரலால் நசுக்க முடியாத உருண்டைகள் அடியில் நின்றால் லேட்டரைட் சரளை கலந்த மண்.

தோட்டத்து மண் வரைபடங்களில் 'மலாக்கா தொடர்' என்று ஒரு வகை இருக்கும். அது இந்தச் சரளை நிறைந்த மண். 'ரெங்கம் தொடர்' கருங்கல் மட்கி வந்தது. ஒன்றின் அனுபவத்தை மற்றதற்குப் பொருத்தக் கூடாது.

வருஷா வருஷம் சரளை அதிகமாகுது. கல்லு வளருதா?

கல் வளரவில்லை, மண் போகிறது. மூடுபயிர் இல்லாத சரிவில் மழை நயமண்ணை அடித்துச் செல்ல, உள்ளே இருந்த உருண்டைகள் மேலே தெரிகின்றன. வெளிப்பட்டவை வெயிலில் இன்னும் இறுகுகின்றன. திடீரென்று ஒரு சரிவில் சரளை கூடியிருந்தால் அங்கே மண் அரிப்பு நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே மண் தடுப்புக் குழியும் மூடுபயிரும் பாருங்கள்.

அந்த இடத்துல மட்டும் செம்பனை ஏன் வாடுது?

சரளை நிறைந்த மண்ணில் வேர் ஓடவும் இடம் குறைவு, தண்ணீர் தங்கவும் இடம் குறைவு. சில வாரம் மழை இல்லையென்றால் செம்பனையின், அதாவது எண்ணெய்ப் பனையின், குருத்து விரியாமல் நிற்கும். போட்ட பாஸ்பேட் உரத்தை இரும்பு பிடித்துவைத்துக்கொள்வதும் உண்டு. பழம் எடுத்த வெறுங்குலையைப் பரப்பினால் ஈரம் நிற்கும். ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

எஞ்சினியர் 'பிளிந்த் லெவல்'னு சொல்றாரே, மண் ஆபீசர் 'பிளிந்தைட்'னு சொல்றாரே, ரெண்டும் ஒன்னா?

ஒரு வேரின் இரண்டு கிளைகள். கிரேக்க மொழியில் 'பிளிந்தோஸ்' என்றால் செங்கல் அல்லது சதுர ஓடு. தூணுக்கு அடியில் வைக்கும் சதுரப் பலகைக்குக் கிரேக்கக் கட்டடக்காரர் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அங்கிருந்து கட்டடத்தின் அடிப்பீடத்துக்கு வந்தது. கோயிற்கட்டடக் கலையில் அதிட்டானம் என்கிறோமே, ஏறக்குறைய அந்த இடம். இன்றைய எஞ்சினியர் பிளிந்த் லெவல் என்றால் வெளித் தரைக்கு மேலே வீட்டுத் தரை நிற்கும் மட்டம்.

மண் அறிவியலார், இன்னும் இறுகாமல் ஈரத்தில் கிடக்கும் லேட்டரைட்டுக்குத் தனிப் பெயர் தேடியபோது அதே கிரேக்கச் சொல்லை எடுத்துப் பிளிந்தைட் என்றார்கள். ஆக மலபார், லத்தீன், கிரேக்கம் மூன்று வழியாக வந்தாலும் இந்தக் கல் செங்கல் என்ற சொல்லைவிட்டு விலகவில்லை.

பாக்சைட்டும் இதுவும் அண்ணன் தம்பியா?

அப்படியே சொல்லலாம். ஒரே மட்கும் வேலையில் இரும்பு மேலோங்கினால் செம்புரைக்கல், அலுமினியம் மேலோங்கினால் பாக்சைட். பாக்சைட் என்ற பெயர் பிரான்ஸில் உள்ள லே போ என்ற ஊரிலிருந்து வந்தது. குவாந்தானில் வரைமுறையில்லாமல் தோண்டி, சிவப்புத் தூசியும் சேறும் ஊரை மூடி, 2016 ஜனவரியில் அரசு வேலையை நிறுத்திவைத்ததே, அது பாக்சைட். சடக்குக்குக் கொட்டும் சரளை அதுவல்ல.

கேரளாவுல வீடே கட்டுறாங்க. நாம ஏன் கட்டுறதில்ல?

கட்டிக்கல் வெட்ட, துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ச்சியாகக் கனமான பாளம் வேண்டும். நம் வட்டாரத்தில் பெரும்பாலும் கிடைப்பது சரளை. செங்கல்லும் சிமெண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு காரணம். ஒன்று சொல்ல வேண்டும்: கம்போடியாவின் அங்கோர் கோயில்களிலும் மதில், அடித்தளம், உள்சுவர் பெரும்பாலும் லேட்டரைட்தான். சிற்பம் செதுக்கும் மேல்முகத்துக்கு மணற்கல். செம்புரைக்கல் பாரம் தாங்கும், நுண்வேலைக்கு இடம் கொடுக்காது.

கோயில் மதிலுக்கு இந்தக் கல்லு வாங்கலாம்னு இருக்கோம். என்ன பார்க்கணும்?

முதலில் பதம். புதிதாக வெட்டிய கல்லை அன்றே வைத்துக் கட்டக் கூடாது. குறைந்தது 3 மாதம் திறந்த வெளியில், இடைவெளிவிட்டு அடுக்கி வைத்திருக்க வேண்டும். விற்பவர் தவணை சொல்லி அவசரப்படுத்தினால் வாங்காதீர்கள்.

அடுத்தது சோதனை. சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்றால் உள்ளே களிமண் பை இருக்கிறது. துளையில் ஆணியை அழுத்துங்கள், வெள்ளைக் களி உருண்டு வந்தால் ஒதுக்குங்கள். பிறகு எடை. காய்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து மறுபடி நிறுங்கள். இந்தியத் தர அளவின்படி நீர் உறிஞ்சல் 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 25 கிலோ கல் 28 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதே அளவில் அழுத்தம் தாங்கும் திறன் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டனாவது வேண்டும். 390 × 190 × 190 மில்லிமீட்டர் என்பது வழக்கமான கட்டி அளவுகளில் ஒன்று.

கட்டும்போது கல்லை நனைத்து வையுங்கள். காய்ந்த கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் கலவை பிடிக்காமல் பொடியாகும். சிமெண்டு 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை இதற்குப் பொருந்தும். வெறும் சிமெண்டுக் கலவை கல்லைவிடக் கடினமாகிவிடும், சுவர் சற்று அசைந்தால் விரிசல் இணைப்பில் விழாமல் கல்லில் விழும். ஒரு வாரம் ஈரம் காட்டுங்கள். தரையை ஒட்டிய வரிசைக்கு மேல் ஈரத்தடுப்பும், மதில் உச்சியில் இருபுறமும் நீட்டிய மூடுகல்லும் இல்லாவிட்டால் மேலும் கீழுமாகத் தண்ணீர் குடிக்கும். துளையுள்ள கல் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய கல் சுவத்துக்கு சிமெண்டு பூசினோம். ரெண்டே வருஷத்துல கல்லோட முகமே பிஞ்சி வருதே?

பூச்சு வலுவாக இருந்ததுதான் கோளாறு. செம்புரைக்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், துளைகள் வழியாக வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் தேங்கி, அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே படிகமாகிப் பருத்து, கல்லின் மேல்முகத்தைத் தள்ளுகிறது. சிமெண்டு கல்லைக் கெட்டியாகப் பிடித்திருப்பதால் விழும்போது கல்லையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. மேலே மறுபடி சிமெண்டு பூசினால் அடுத்த அடுக்கும் போகும்.

பூச்சை உளியால் சிறுகச் சிறுகத் தட்டி எடுங்கள், இயந்திரம் வேண்டாம். உப்பை உலர் தூரிகையால் துடையுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். சில மாதம் சுவரைக் காயவிடுங்கள். பிறகு நன்கு ஊறிய சுண்ணாம்பு 1, மணல் 3 கலவையை 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் மெல்லிய படிகளாகப் பூசி, வெயில்படாமல் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். சுவர் மரபுச் சொத்தாகப் பதிவானது என்றால் மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி முன் அனுமதி வாங்காமல் கை வைக்கக் கூடாது.

லயத்துச் சடக்குக்கு ரெண்டு லோரி கொட்டினோம். மழை வந்தா வழுக்குது, வெயில் வந்தா தூசி. ஏன்?

அளவு போதவில்லை, அநேகமாக மண்ணும் சரியில்லை. 4 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளச் சடக்குக்கு 20 சென்டிமீட்டர் தளர்வாகப் பரப்பி, உருளையோட்டி 15 சென்டிமீட்டராக இறுக்க வேண்டும். கணக்கு 80 கன மீட்டர். லோரி ஒன்று 10 கன மீட்டர் ஏற்றினால் 8 நடை. இரண்டு நடை கொட்டினால் 5 சென்டிமீட்டர்தான் வரும், முதல் மழையிலேயே அடிக்களிமண்ணோடு கலந்துவிடும்.

மண்ணைப் பார்க்கக் கண்ணாடிப் போத்தல் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் விழுவது சரளையும் மணலும். மணிக்கணக்கில் கலங்கி நிற்பது களி. களி மிகுந்தால் வழுக்கும். களியே இல்லாவிட்டால் கல்லைக் கல்லோடு பிடித்துவைக்க ஆள் இல்லை. ஈர மண்ணைக் கயிறுபோல உருட்டி, 3 மில்லிமீட்டர் பருமனிலும் உடையாமல் நீண்டுகொண்டே போனால் களி கூடுதல், வேறு குழி தேடுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லைப் பொறுக்கி எடுங்கள்.

இறுக்கும்போது ஈரம் அளவாக இருக்க வேண்டும்: பிடித்த பிடி கையில் நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். நடு உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். 4 மீட்டர் சடக்கில் நடுப்பகுதி ஓரத்தைவிட 10 சென்டிமீட்டர் உயரம். ஓரக் கால்வாய் அடைபட்டிருந்தால் மற்ற எல்லாம் வீண்.

சடக்கு அலை அலையா ஆயிடுச்சு. மேல இன்னொரு லோரி கொட்டினா சரியாகுமா?

ஆகாது. நயமண் தூசியாகப் பறந்து, மிஞ்சிய தளர்ந்த சரளையை வேகமாக ஓடும் சக்கரம் குதித்துக் குதித்து அலையாக்குகிறது. மேலே கொட்டினால் பழைய அலை புதுப் பரப்பிலும் எழும். பள்ளத்தின் அடிமட்டம் வரை கீறி, கொஞ்சம் களி கலந்த மண் சேர்த்து, நனைத்து, முன் சொன்ன சரிவில் மறுபடி இறுக்க வேண்டும்.

இப்ப விஞ்ஞானிங்க லேட்டரைட்ங்கிற சொல்லையே விட்டுட்டாங்களாமே? பிள்ளை பள்ளிக்கூடக் கட்டுரையில எதை எழுதுறது?

மண் வகைப்பாட்டில் விட்டது உண்மை. இறுகிய கல், இறுகாத களி, வெறும் செம்மண் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லையே போட்டுப் போட்டு அது தேய்ந்துபோனதுதான் காரணம். அதனால் பிளிந்தைட், ஆக்சிசால், ஃபெரல்சால் போன்ற சொற்கள் வந்தன. நிலவியலாரும் கட்டடக்காரரும் சடக்கு எஞ்சினியரும் இன்னும் லேட்டரைட் என்றே சொல்கிறார்கள்.

பிள்ளையின் கட்டுரை கோட்டையைப் பற்றியது என்றால் 'செம்புரைக்கல்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'லேட்டரைட் எனப்படும்' என்று சேர்த்தால் போதும். சடக்கைப் பற்றியது என்றால் 'லேட்டரைட் சரளை'. தோட்டத்து மண்ணைப் பற்றியது என்றால், மேலே சொன்ன ஊறவைக்கும் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.